அசையாத கவிதையை வாசிப்பது எப்படி: ஒரு மயக்க மருந்து டெக்னீஷியனின் குறிப்புகள்

மனிதர்கள் அசையாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் 17 வருடமாக என் வேலை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் நான். இலக்கியம் எனக்குப் படிப்பும் இல்லை, பிழைப்பும் இல்லை. இரவு ட்யூட்டியில் கேஸ் எதுவும் வராத நேரத்துக்குத் துணையாக வந்தது, அவ்வளவுதான். அப்படி ஒரு இரவில்தான் ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் 'ஜே. ஆல்ஃப்ரெட் ப்ரூஃப்ராக்கின் காதல் பாட்டு' கையில் கிடைத்தது. மூன்றாவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஈதர் என்ற பழைய மயக்க மருந்து கொடுத்து மேசைமேல் கிடத்தப்பட்ட நோயாளி! நம்ம ஆள்!

நவீனத்துவக் கவிதைகளில் இந்த அசைவின்மை திரும்பத் திரும்ப வருகிறது. கூண்டுக்குள் சிறுத்தை, பனிக்குள் அன்னம், வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் செனட், மாடிப்படியில் தயங்கும் மனிதன். முதல் முறை படிக்கிறவர்கள் "சோகமான கவிதை", "விரக்தி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். அதற்கு ஒரு பென்சிலும் நான்கைந்து கேள்விகளும் போதும்.

முதல் கேள்வி: யார் விழித்திருக்கிறார்?

இதைக் கவிதையிலிருந்து கற்கவில்லை, தியேட்டரில் கற்றேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மேசைமேல் கிடப்பவர் 'மயங்கிவிட்டார்', அதோடு சரி. உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. நினைவை இழக்கச் செய்வது ஒன்று, வலி தெரியாமல் செய்வது ஒன்று, தசைகளைத் தளர்த்துவது ஒன்று. இன்றைக்கு மூன்றுக்கும் வேறு வேறு மருந்து. தசையைத் தளர்த்தும் மருந்து நினைவைத் தொடாது. அதனால்தான் எங்கள் தொழிலின் மிகப் பெரிய பயம் இது: தசை முழுக்கத் தளர்ந்துபோன நோயாளி உள்ளே விழித்துக்கொள்வது. எல்லாம் கேட்கும், எல்லாம் தெரியும், ஒரு விரலைக்கூட அசைத்துச் சொல்ல முடியாது. மிக அபூர்வம்தான். ஆனாலும் நாங்கள் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது ப்ரூஃப்ராக்கிடம் திரும்பலாம். ஈதர் கொடுக்கப்பட்டது யாருக்கு? அவனுக்கு என்றுதான் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். வரியை மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பது மாலைப்பொழுது. வானத்தில் விரிந்து கிடக்கும் அந்தி. ப்ரூஃப்ராக் முழு விழிப்பில் இருக்கிறான். வழுக்கை விழும் தலையை யார் என்ன சொல்வார்கள், கை கால் மெலிந்துவிட்டதென்று சொல்வார்களா என்று நிமிடத்துக்கு நூறு யோசனை ஓடுகிறது. உலகம் மயக்கத்தில், மனம் விழிப்பில், உடம்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் பயம் அப்படியே கவிதையாகி நிற்கிறது.

ஆகவே ஒரு கவிதையில் அசைவின்மை தென்பட்டால், தூங்குவது எது, விழித்திருப்பது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது வெறும் அமைதி. பிரிந்திருந்தால்தான் அது முடக்கம்.

ஈதரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் அதைப் பொதுமேடையில் கொடுத்துக் காட்டினார். எலியட் இந்தக் கவிதையை எழுதி முடித்த 1911இல் அது வழக்கமான மருந்து. தசையைத் தளர்த்தும் க்யூராரே மயக்கவியலுக்குள் வந்தது 1942இல்தான், மான்ட்ரியலில். அதற்கு முன்னால் ஈதர்தான் எல்லா வேலையும் பார்த்தது, மெதுவாக. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஈதரைக் கையாண்டவர். "போட்ட உடனே அடங்க மாட்டாங்க தம்பி. மொதல்ல சண்டை போடுவாங்க, அப்புறம்தான் அடங்குவாங்க" என்பார். இதைக் கேட்டபிறகு எனக்கு அந்த மாலை அமைதியான மாலையாகத் தோன்றியதே இல்லை. அடக்கப்பட்ட மாலை அது.

வினைச்சொல்லைத் தேடுங்கள்

இப்போது பென்சிலை எடுங்கள். கவிதையில் உள்ள வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். நடந்துவிட்ட வினைக்கும் நடக்கிற வினைக்கும் நேர்க்கோடு. கேள்வி, எதிர்மறை, 'இருக்கும்' என்கிற எதிர்காலம், 'செய்திருந்தால்' என்கிற நிபந்தனை, இவற்றுக்கெல்லாம் வளைகோடு. வினையே இல்லாத வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி.

ப்ரூஃப்ராக்கில் இதைச் செய்தால் பக்கம் முழுக்க வளைகோடாகிவிடும். கவிதை 'போகலாம் வா' என்று தொடங்குகிறது. அப்புறம் நேரம் இருக்கும், நேரம் இருக்கும் என்று எதிர்காலம். துணிவேனா, எப்படித் தொடங்குவேன் என்று கேள்விகள். எதையோ சொல்ல வேண்டும். பெரிய கேள்வி ஒன்று கேட்க வேண்டும். கேட்கப்போகிறான், கேட்கப்போகிறான் என்று நாம் காத்திருக்கும்போதே மொழி திடீரென்று திரும்புகிறது: கேட்டிருந்தால்தான் என்ன, பயன் இருந்திருக்குமா? கவனித்தீர்களா? எதிர்காலத்திலிருந்து நேராக 'இருந்திருக்கும்' என்பதற்குத் தாவிவிட்டான். நடுவில் வர வேண்டிய அந்தக் கணம் கவிதையில் இல்லவே இல்லை. செய்ய வேண்டியது இனிமேல்தான் என்று இருந்தது, அடுத்த பக்கத்தில் காலம் கடந்துவிட்டது. கடைசிப் பகுதியில் 'எனக்கு வயதாகிறது' என்று நேர்க்கோடு போடும்படி ஒரு நிகழ்காலம் வருகிறது. அது அவன் செய்கிற செயலில்லை, அவனுக்கு நேர்கிற ஒன்று.

இந்தத் தாவலைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாசிப்பு ஆனது. பென்சில் இல்லாமல் படித்திருந்தால் முப்பது ஆகியிருக்கும்.

தமிழில் வாசிக்கிற, தமிழில் யோசிக்கிற நமக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. 'வெற்று மனிதர்கள்' என்று எலியட் 1925இல் வெளியிட்ட கவிதையில் இரண்டு வரிகள் வினையே இல்லாமல் நிற்கும். வடிவமற்ற உருவம், நிறமற்ற நிழல், முடங்கிய விசை, அசைவற்ற சைகை. ஆங்கிலத்தில் வினையில்லாத வாக்கியம் காலில்லாத நாற்காலி மாதிரி. வாசிக்கிறவருக்கு உடனே உறுத்தும். தமிழில் அப்படியில்லை. 'அவர் டாக்டர்', 'இது என் வீடு' என்று வினையே இல்லாமல் நாள் முழுக்கப் பேசுகிறோம், பெயரே பயனிலையாக நின்றுவிடும். அதனால் நம் காதுக்கு அந்த இரண்டு வரிகளின் அதிர்ச்சி எட்டாமலே போகலாம். ஓரத்தில் வைத்த புள்ளி இங்கேதான் கைகொடுக்கும். காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நம் இலக்கணம் நமக்குக் கொடுக்கும் ஒரு வசதியும் உண்டு. எச்சம், முற்று என்கிற பிரிவு. 1922இல் வந்த எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையின் முதல் ஏழு வரிகளில் ஐந்து வரிகள் முடியாத வினையோடு முடிகின்றன. முளைக்கவைத்து, கலந்து, கிளறி, மூடி, ஊட்டி என்று வினையெச்சமாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு வரியின் முனையிலும் கால் அந்தரத்தில் தூக்கியபடி நிற்கிறது. கீழே வைக்க முற்று கிடைப்பதில்லை. தெரியாத மொழியின் கவிதையானாலும், முதல் பத்து வரியை மொழிபெயர்ப்பின் துணையோடு நீங்களே கரடுமுரடாகத் தமிழாக்கிப் பாருங்கள். எங்கே முற்று போட மனம் வரவில்லையோ அங்கே முடக்கம் இருக்கிறது.

அந்தத் தொடக்கத்தில் ஏப்ரல் ஏன் கொடிய மாதம் என்று பலர் குழம்புகிறார்கள். வசந்தம் நல்லதுதானே? மரத்துப்போன காலில் மறுபடி ரத்தம் ஓடும்போது என்ன ஆகும், யோசியுங்கள். மரத்திருந்தவரை சுகமாக இருந்தது. ஆபரேஷன் முடிந்து எழும்பும் நேரத்தில் நோயாளிகள் நடுங்குவார்கள், சிலர் அழுவார்கள், ஏன் அழுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அந்தக் கவிதையில் குளிர்காலம் கதகதப்பாக வைத்திருந்தது என்று வருவது எனக்கு முரணாகவே படவில்லை. போர்த்திவிட்டது யார், போர்வையை இழுப்பது யார் என்பதுதான் அங்கே விஷயம்.

அசைவு எங்கே போய்விட்டது?

முடக்கத்தைப் பற்றிய நல்ல கவிதையில் அசைவு காணாமல் போவதில்லை. இடம் மாறிப் போகிறது. அதைத் துரத்திப் பிடியுங்கள்.

ப்ரூஃப்ராக்கில் அது மஞ்சள் பனிமூட்டத்துக்குப் போய்விட்டது. அந்தப் பனி பூனை மாதிரி ஜன்னலில் முதுகைத் தேய்க்கிறது, மாலையின் மூலைகளை நக்குகிறது, தேங்கிய நீர்மேல் தயங்குகிறது, வழுக்கி நகர்கிறது, சட்டென்று தாவுகிறது, வீட்டைச் சுற்றிச் சுருண்டு தூங்கிவிடுகிறது. அத்தனையும் நேர்க்கோடு. ஒரு புகைக்கு இருக்கும் துணிச்சல் மனிதனுக்கு இல்லை. தொட வேண்டியவன் தொடாமல் நிற்க, பனி தொட்டுவிட்டுத் தூங்கப்போகிறது.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் 'சிறுத்தை' இன்னும் நுட்பமானது. பாரிஸ் நகரத்தின் ஜார்டன் தே ப்ளாந்த் விலங்குக் காட்சிச்சாலையில் பார்த்த விலங்கு. 1907இல் வந்த 'புதிய கவிதைகள்' தொகுப்பில் இருக்கிறது, பன்னிரண்டே வரி. முடக்கத்தை முதன்முதலாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். ப்ரூஃப்ராக் நீளம், பாழ்நிலத்தில் வழி தவறிவிடும். சிறுத்தையை மதிய இடைவேளைக்குள் நான்கு முறை வாசித்துவிடலாம்.

முதல் வரியிலேயே ரில்கே ஒரு தந்திரம் செய்கிறார். கம்பிகள் கடந்து போகின்றன, அவை கடப்பதைப் பார்த்துப் பார்த்து விலங்கின் பார்வை களைத்துவிட்டது. நடப்பது சிறுத்தை, நகர்வதாகச் சொல்லப்படுவது கம்பி. பிறகு அதன் நடை வருகிறது. மெத்தென்ற, வலுவான அடிகள், மிகமிகச் சிறிய வட்டத்துக்குள் சுற்றுகின்றன. ஒரு மையத்தைச் சுற்றி வலிமை ஆடும் நடனம் போல, அந்த மையத்தில் பெரிய மனவுறுதி ஒன்று மரத்துப்போய் நிற்கிறது. அங்கே ரில்கே போடும் ஜெர்மன் சொல் 'பெடாய்ப்ட்'. மயக்க மருந்து கொடுப்பதற்கும் அதே வினைதான். இதை அகராதியில் பார்த்த அன்று, ஏதோ பழைய சகா ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

ஆக, உடம்பு ஓயாமல் நடக்க, முடக்கம் நடுவில் இருக்கிறது. ப்ரூஃப்ராக்குக்கு நேர் எதிர்: அவன் மனம் ஓடுகிறது, உடம்பு நிற்கிறது. கடைசி நான்கு வரியில் இன்னொரு அசைவு. எப்போதாவது கண்மணியின் திரை ஓசையில்லாமல் விலகுகிறது. ஒரு பிம்பம் உள்ளே போகிறது, இறுகி நிற்கும் உறுப்புகளின் அசைவின்மை வழியே போகிறது, இதயத்தில் இல்லாமல் ஆகிறது. அந்தப் பிம்பத்தின் பயணத்தைப் பென்சிலால் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். வினைகள் எல்லாம் பிம்பத்துக்குச் சொந்தம், கடைசி வினை இல்லாமல் போவது.

பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே 1885இல் வெளியிட்ட, அன்னத்தைப் பற்றிய சானெட் என்னும் பதினான்கு வரிக் கவிதையில் அசைவு ஒலிக்குள்ளேயே அடைபட்டுவிட்டது. உறைந்த ஏரியில் மாட்டிக்கொண்ட பறவை, பறந்து போகாத பறத்தல்கள் பற்றிய கவிதை. பதினான்கு வரியும் 'இ' ஓசையை அடியாகக் கொண்ட இயைபில் முடிகின்றன. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் யாராவது வாசிக்கும் ஒலிப்பதிவைக் கேளுங்கள். ஒரே உயிரெழுத்து, பதினான்கு முறை. எங்கே திரும்பினாலும் அதே பனிச்சுவர்.

எது கட்டியிருக்கிறது?

கூண்டு கண்ணுக்குத் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாதபோது 'ஏனென்றால்' என்ற சொல்லைத் தேடுங்கள். கிரேக்க மொழிக் கவிஞர் கவாஃபியின் 'காட்டுமிராண்டிகளுக்காகக் காத்திருத்தல்' முழுக்கவே கேள்வியும் ஏனென்றாலும்தான். செனட்டில் ஏன் எந்த வேலையும் நடக்கவில்லை? ஏனென்றால் காட்டுமிராண்டிகள் இன்று வருகிறார்கள். பேரரசர் ஏன் விடிகாலையிலேயே எழுந்து நகர வாசலில் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறார்? ஏனென்றால் அவர்கள் வருகிறார்கள். பேச்சாளர்கள் ஏன் வரவில்லை? அதே பதில். இரவாகிறது, யாரும் வரவில்லை, அப்படி ஒரு கூட்டமே இனி இல்லை என்று எல்லையிலிருந்து வந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த ஆட்கள் ஒரு வகையில் தீர்வாக இருந்தார்களே என்ற ஏக்கத்தோடு கவிதை முடிகிறது. கவாஃபி அலெக்சாந்திரியாவில் நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். ஃபைல் ஏன் நகரவில்லை என்ற கேள்விக்கு வரும் பதில்களின் ஓசை அவர் காதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இதை 1898இல் எழுதினார். ப்ரூஃப்ராக் 1911, சிறுத்தை அதற்கும் முன்னால். இந்த வருடங்களை ஓரத்தில் குறித்துவையுங்கள். நவீனத்துவத்தின் முடக்கம் என்றாலே முதல் உலகப்போர் என்று எழுதிவிடுகிறார்கள். போர் 1914இல் ஆரம்பித்தது. காயமே இல்லாமல் கை கால் வராமல் போன சிப்பாய்கள் வந்ததும், அந்த நிலைக்குப் பெயர் வைக்கப்பட்டதும் அதற்குப் பின். பாழ்நிலத்துக்கும் வெற்று மனிதர்களுக்கும் போர் சரியான பின்னணிதான். முந்தைய கவிதைகளுக்குப் போரைக் காரணம் சொல்வது, ஆபரேஷனுக்குப் பின் வந்த காய்ச்சலை ஆபரேஷனுக்குக் காரணமாக எழுதுவது மாதிரி.

கவிஞரின் வாழ்க்கையையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எலியட் 1921இல் வேலை பார்த்த வங்கியில் மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு மார்கேட் கடற்கரைக்குப் போனதும், அங்கிருந்து சிகிச்சைக்குச் சுவிட்சர்லாந்தின் லொசானுக்குப் போனதும், நினைத்ததைச் செய்யும் திறன் நசிந்துபோவதைத் தன் நோய் என்று கடிதத்தில் எழுதியதும் உண்மை. மார்கேட் மணலில் எதையும் எதோடும் இணைக்க முடியவில்லை என்ற வரி பாழ்நிலத்திலேயே இருக்கிறது. முதலிலேயே இதைத் தெரிந்துகொண்டால் கவிதையைக் கேஸ் ஷீட்டாகப் படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கேஸ் ஷீட் படிப்பவன் சொல்கிறேன், அதில் ருசியில்லை.

நான் சறுக்கிய இடம்

புள்ளி வைக்கும் முறை பிடித்துப்போய், எஸ்ரா பவுண்ட் 1913இல் வெளியிட்ட மெட்ரோ நிலையக் கவிதைக்கும் அதைப் போட்டேன். தலைப்பைத் தவிர இரண்டே வரி, வினையே இல்லை. கூட்டத்தில் தோன்றும் முகங்கள், ஈரமான கறுத்த கிளையில் இதழ்கள். முடக்கம் என்று நோட்டில் பெரிதாக எழுதிவைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அபத்தமாக இருந்தது. அங்கே யாரும் எதையும் செய்ய நினைத்துத் தோற்கவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட அழகு, அந்த வேகத்தில் வினைக்கே நேரமில்லை. வினை இல்லாமை ஒரு தடயம் மட்டும்தான். செய்ய நினைத்த ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்று தேடிவிட்டு முடிவு சொல்லுங்கள். துடிப்பு குறைவாகத் தெரிந்தால் நாங்களும் முதலில் விரலில் மாட்டிய க்ளிப் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம்.

வாலஸ் ஸ்டீவன்ஸின் 'பனிமனிதன்' (1921) இதே எச்சரிக்கைக்கு இன்னொரு உதாரணம். பதினைந்து வரியும் ஒரே வாக்கியம். குளிர்காலத்தின் மனம் வேண்டும் என்று தொடங்கி, அங்கே இல்லாத எதையும் காணாமல், அங்கே இருக்கும் இன்மையைக் காண்பதில் முடிகிறது. அசையாத ஒருவர்தான், ஆனால் தானாக விரும்பி அசையாமல் இருக்கிறார். பார்ப்பதற்காக.

இந்த விரும்பி ஏற்ற அசைவின்மைக்கு எலியட்டே பிற்பாடு வந்து சேர்ந்தார். 1936இல் வந்த 'பர்ன்ட் நார்ட்டன்' கவிதையில், சுழலும் உலகின் அசையாப் புள்ளி வருகிறது. அதை உறைநிலை என்று சொல்லாதீர்கள் என்று அவரே தடுக்கிறார், நடனம் அங்கேதான் இருக்கிறது என்கிறார். வாசிக்கும்போது ரில்கேயின் சிறுத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் ஒரு மையம், சுற்றி ஒரு நடனம். ஒன்றில் மையம் மரத்திருக்கிறது, இன்னொன்றில் மையத்தால்தான் நடனமே நடக்கிறது.

அப்புறம் 1940. 'ஈஸ்ட் கோக்கர்' கவிதையின் மூன்றாம் பகுதி. ஆன்மாவிடம் அசையாமல் இரு என்று சொல்கிறார், நம்பிக்கைகூட இல்லாமல் காத்திரு என்கிறார். அதற்குச் சற்று முன்னால், மறுபடியும் அந்த ஈதர்! ஈதரின் கீழே மனம் விழித்திருக்கிறது, ஆனால் எதைப் பற்றியும் விழித்திருக்கவில்லை என்று ஒரு வரி. முதல் ஈதருக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய முப்பது வருடம். அன்று மயங்கிக் கிடந்தது வானம், பக்கத்தில் ஒருவன் விழித்து நூறு யோசனை செய்துகொண்டிருந்தான். இப்போது மேசைமேல் கிடப்பது மனமே. யோசனைகள் நின்றுவிட்டன, விழிப்பு மட்டும் நிற்கவில்லை. அடுத்த பகுதியில் காயம்பட்ட அறுவை மருத்துவர் ஒருவர் கத்தியோடு வருகிறார். தியேட்டர் தயார்.

இந்த இரண்டு ஈதரையும் ஒரே மாலையில், அடுத்தடுத்து, பென்சிலோடு வாசித்துப் பாருங்கள். நடுவில் டீ குடிக்க எழுந்து போகாதீர்கள். ப்ரூஃப்ராக் அப்படித்தான் மாட்டிக்கொண்டான்.